கறிக்கடையில் பீன்ஸ் டப்பா

சந்தைத் தெருவின் கடைசிக் கடை அவருடையது. வெள்ளை ஓடு பதித்த சுவர், மேலே நான்கு கொக்கிகள், நடுவில் தேய்ந்து தேய்ந்து தொட்டில் மாதிரி குழிந்துபோன ஒரு வெட்டுக்கட்டை. முப்பத்தொரு வருடமாக அந்தக் கட்டைக்கு முன்னால்தான் அவருடைய பகல்கள் போயின. கால் கிலோ வாங்கினாலும் சரி, கேட்காமலே ஒரு சூப்பு எலும்பைப் பொட்டலத்துக்குள் செருகிவிடுவார். அதனால் தெருவுக்கே அவர் எலும்பு மாமா. அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கறி விற்கிறவர்களில் சிலர் வீட்டில் கறியைத் தொடமாட்டார்கள். நாளெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும். மாமா அந்த ரகம் இல்லை. மத்தியானம் கறி, ராத்திரி கறி, மீதி இருந்தால் காலையிலும் கறி. "நான் வாய்ல வைக்காததை அடுத்தவங்களுக்கு எப்படிக் கொடுக்கறது?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அந்தப் பேச்சே பின்னால் தன் காலைச் சுற்றிக்கொள்ளும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஐம்பத்தெட்டாவது வயதில், ஒரு மழைக்காலத்தில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஏறுகிற பழக்கம் அவருக்கு வந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவி கேட்டால், இரண்டாவது மாடிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பார். மனைவி பத்து நாள் பொறுத்துப் பார்த்தார்.

"அவங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு ஊருக்குப் போய் ஒரு மாசம் ஆகுதுங்க. நீங்க தினம் யாரோட பேசிட்டு வர்றீங்க?"

மாமா மென்று விழுங்கினார். மறுநாளே ஆஸ்பத்திரி.

இதய டாக்டர் அவருடைய பழைய வாடிக்கைக்காரர். வாரம் தவறாமல் இரண்டு கிலோ தொடைக்கறி வாங்குகிறவர். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். ஒரு ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகியிருக்கிறதாம். மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் இப்போதைக்குச் சமாளிக்கலாம் என்றார்.

"சிவப்பா இருக்கற கறி எதுவா இருந்தாலும் இனிமே மாசத்துக்கு ஒரு நாள். அதுவும் உள்ளங்கை அளவுதான். உப்பைக் குறைங்க. பயறு, பீன்ஸ், சோயா, இதுல மனசை வைங்க."

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டர், போன சனிக்கிழமைகூட நீங்க நம்ம கடையில..."

"எங்க வீட்டுல ஆறு பேர்," என்றபடி டாக்டர் அவசரமாக மருந்துச் சீட்டின் மேல் குனிந்துகொண்டார்.

அந்த வீட்டில் சமையல் மாமாவுடையது. கடையை இரண்டு மணிக்குச் சாத்திவிட்டு வந்துவிடுவார். மனைவிக்கு அச்சகத்தில் ஆறு மணி வரை வேலை. அதனால் கறிக்குப் பதில் என்ன என்கிற கேள்வி நேராக மாமாவின் தலையில் வந்து விழுந்தது. முதலில் பயறு வாங்கினார். இரவே ஊறப்போட வேண்டும் என்பது மறுநாள் மத்தியானம் அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் ஞாபகம் வரும். நான்கு நாள் இப்படியே போய், நான்கு நாளும் ரொட்டியும் தயிருமாக முடிந்தது.

"மறதிக்காரங்களுக்குத்தான் டப்பா கண்டுபிடிச்சிருக்காங்க," என்றார் மனைவி. "வேக வச்ச பீன்ஸ் கொட்டையை அப்படியே அடைச்சு விக்கறாங்க. திறந்தா ஆச்சு. ஆனா பார்த்து வாங்கணும்."

எலும்பு மாமாவின் மனைவி என்பதால் தெருவுக்கு அவர் அத்தை. வேலை, லேபிள் அச்சடிக்கிற அச்சகத்தில் பிழை திருத்துவது. ஜாம் பாட்டில், மாத்திரை அட்டை, மீன் டப்பா என்று உலகத்தில் ஒட்டுகிற எல்லாவற்றையும் ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிடுகிறவர்.

"முன்பக்கம் விக்கறவன் பேசறது," என்று அவர் விளக்கினார். "பின்பக்கம்தான் டப்பா பேசறது. அதான் முன்பக்கத்துக்கு யானை எழுத்து, பின்பக்கத்துக்கு எறும்பு எழுத்து. நீங்க பின்பக்கத்துல உப்பு எவ்வளவுன்னு பாருங்க. நூறு கிராமுக்குன்னு போட்டிருப்பான். சில கில்லாடிங்க 'ஒரு பரிமாறலுக்கு'ன்னு போட்டு, பரிமாறலை ரெண்டு ஸ்பூனா ஆக்கிடுவாங்க. ஏமாந்துடாதீங்க."

தன் மேஜையில் இருந்த பூதக்கண்ணாடியையும் கொடுத்து அனுப்பினார்.

சந்தைத் தெருவிலேயே டப்பா விற்கும் கடைகள் இரண்டு இருந்தன. மாமா அங்கே போகவில்லை. கறிக்கடைக்காரர் பீன்ஸ் வாங்குவதை யாராவது பார்த்தால் மானம் கப்பலேறிவிடும் என்று நினைத்தார். தொப்பி வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்.

உள்ளே டப்பா வரிசையைப் பார்த்ததும் மலைத்து நின்றுவிட்டார். ஒரு ஆட்டை இருபத்திரண்டு விதமாகப் பிரிக்கத் தெரிந்தவர் அவர். இங்கே பீன்ஸே அதைவிட அதிக விதமாக இருந்தது. சிவப்பு ராஜ்மா, வெள்ளை பீன்ஸ், கறுப்பு பீன்ஸ், கொண்டைக்கடலை. அதிலும் உப்புத் தண்ணீரில் போட்டது, தக்காளிச் சாற்றில் போட்டது, சர்க்கரை சேர்த்தது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த வித்தையைக் காட்டினார். டப்பாவைத் தூக்கிக் கனம் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். சளக் சளக்கென்று அதிகம் சத்தம் கேட்டதை, தண்ணீர் ஜாஸ்தி, சரக்கு கம்மி என்று திருப்பி வைத்தார். விளிம்பு நசுங்கியதையும் மூடி உப்பியதையும் ஓரமாக ஒதுக்கினார். கடைசியாக ஒரு டப்பாவின் பின்பக்கத்தில் பூதக்கண்ணாடியை வைத்து எறும்பு எழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, துப்பறியற வேலைக்குப் போயிட்டீங்களா?"

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. நின்றது தபால் அக்கா. தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் ஸ்டாம்ப் விற்று ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் அரைக் கிலோ கொத்துக்கறி வாங்குகிறவர். அவருக்கென்று மாமா கொழுப்பைத் துளித்துளியாகச் செதுக்கி எடுத்துவிட்டுத்தான் கொத்திக் கொடுப்பார்.

"மனைவிக்காக வாங்க வந்தேன்க்கா," என்று மாமா அசடு வழிந்தார். சொல்லிவிட்டுத்தான் அக்காவின் கூடையைக் கவனித்தார். சோயாக் கொத்து இரண்டு பாக்கெட், சோயா பனீர் ஒரு கட்டி, கொண்டைக்கடலை நாலு டப்பா. கறி என்று ஒரு துண்டு இல்லை.

இப்போது அக்காவின் முகம் மாறியது. கூடையைப் பின்னால் தள்ளப் பார்த்தார். முடியாமல் பெருமூச்சு விட்டார்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் கறியை விட்டு அஞ்சு வருஷம் ஆகுது தம்பி."

"அப்ப சனிக்கிழமை கொத்துக்கறி?"

"நாய்க்கு."

மாமா கையிலிருந்த டப்பாவை மெல்ல அலமாரியில் வைத்தார். ஐந்து வருடம். வாரத்துக்கு அரைக் கிலோ. ஜவ்வு ஒன்று விடாமல், நரம்பு ஒன்று விடாமல், கண்ணும் கருத்துமாகக் கொத்திய கறி.

"நீங்க அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கொத்தித் தர்றப்ப, இது நாய்க்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல," என்றார் அக்கா.

மாமா வைத்த டப்பாவை லேபிள் முன்பக்கம் தெரிகிற மாதிரி திருப்பினார். பிறகு கேட்டார். "நாய் என்ன சொல்லுது?"

"உங்களை மாதிரி ஒரு ஆள் இந்த ஊர்லயே இல்லைன்னு சொல்லுது."

அவ்வளவுதான். மாமா சிரிக்க ஆரம்பித்தவர் டப்பா அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார். மாவு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆள் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கியதும் மாமா ஆஸ்பத்திரிக் கதையை ஒளிக்காமல் சொன்னார். அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரை வரிசை வரிசையாக அழைத்துப் போனார்.

"இந்தக் கறி மாதிரியே இருக்கற சோயா சாசேஜ், சோயா வடை எல்லாம் அட்டையில அழகா இருக்கும். திருப்பிப் பாருங்க."

மாமா திருப்பிக் கண்ணாடியை வைத்தார். பீன்ஸ் டப்பாவில் இருந்ததைப்போல மூன்று மடங்கு உப்பு. "டாக்டர் கண்ல பட்டா என்னை உள்ள தள்ளிடுவார்," என்று திருப்பி வைத்தார்.

"அதான். இது என்னைக்காவது ஒரு நாள் ஆசைக்கு. தினப்படிக்குச் சோயா உருண்டை, சோயா பனீர், டப்பா பீன்ஸ். டப்பாவுல உப்பில்லாதது கிடைச்சா அதை எடுங்க. கிடைக்கலைன்னா உப்புத் தண்ணியைக் கொட்டிட்டு ரெண்டு தரம் நல்லா அலசுங்க. எவ்வளவோ உப்பு போயிடும்."

முதல் நாள் சமையல் மகா கண்றாவியாக வந்தது. சோயா உருண்டையைச் சுடுதண்ணீரில் போட்டு, ஊறியதும் பிழியாமல் அப்படியே குழம்பில் தள்ளிவிட்டார். அத்தை ஒரு உருண்டையைக் கடித்தார். அதிலிருந்து தண்ணீர் பீறிட்டு மாமாவின் சட்டையில் அடித்தது.

"பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சை எடுத்துப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டார் அத்தை.

மாமாவுக்கு ரோஷம் வந்தது. மறுநாள் அந்த உருண்டையை ஒரு கறித்துண்டாக நினைத்துக்கொண்டு கையில் எடுத்தார். கறிக்குள் என்ன இருக்கிறது, இதற்குள் என்ன இல்லை என்று யோசித்தார். கறியில் அதன் சாறு இருக்கிறது. இதில் வெறும் ஓட்டைதான். அப்படியென்றால் ஓட்டையைக் காலி செய்துவிட்டு, வேறு சாற்றை உள்ளே ஏற்ற வேண்டும். இரண்டு கையாலும் ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தார். கத்தியால் குறுக்கே கிழித்தார். வதக்கிய வெங்காயம், பூண்டு, மிளகு, தக்காளி எல்லாம் அரைத்த விழுதில் ஒரு மணி நேரம் புரட்டி வைத்தார். பிறகு சூடான இரும்புச் சட்டியில் போட்டு ஓரம் சிவக்க விட்டார். அன்றைக்கு அத்தை ஒரு உருண்டையும் மிச்சம் வைக்கவில்லை. தட்டை மறுபடி நீட்டினார். முப்பது வருடக் குடித்தனத்தில் அதற்கு மேலான பாராட்டை மாமா கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டப்பாவின் குணமும் பிடிபட்டது. சிவப்பு ராஜ்மா கெட்டி ஆசாமி, எவ்வளவு கொதித்தாலும் உருவம் கலையாது, குழம்புக்கு ஏற்றது. வெள்ளை பீன்ஸ் இளகின மனசு, கரண்டியால் லேசாக அழுத்தினாலே கரைந்து கொழகொழவென்று சேரும். நல்லி எலும்புச் சாறு தருகிற கெட்டியை அது கிட்டத்தட்டத் தந்துவிடுகிறது என்று கண்டுபிடித்த அன்று மாமா வீட்டுக்குள் சீட்டியடித்துக்கொண்டு நடந்தார். தக்காளிச் சாற்றில் போட்ட டப்பாவை மட்டும் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. "இது சாப்பாடா, மிட்டாயா?" என்பார்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது. கடையில் யாருக்கும் தெரியாது. மத்தியானம் பின்கதவுப் பக்கம் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முந்தின நாள் சமைத்துக் கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருநாள் கடைக் குழாய் ஒழுகியது. சரிசெய்ய வந்த குழாய்க்காரர் பின்பக்கம் குனிந்தவர், மாமாவின் மடியிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாமா, கொண்டைக்கடலையா? கறி எங்க?"

"இன்னைக்கு ஒரு நாள்தான்," என்றார் மாமா.

குழாய்க்காரர் நல்ல மனுஷர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், போன வீட்டில் எல்லாம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னார். பேச்சுக்குக் கண்ணும் மூக்கும் முளைத்தது. எலும்பு மாமா கறி சாப்பிடுவதில்லை. எலும்பு மாமா அவர் கடைக் கறியைச் சாப்பிடுவதில்லை. தான் வாயில் வைக்காததை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டேன் என்ற மனுஷனே சாப்பிடவில்லை என்றால், அந்தக் கறியில் என்னமோ இருக்கிறது.

ஒரே வாரத்தில் கூட்டம் பாதியானது. வழக்கமாக வருகிறவர்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே கடையைத் தாண்டினார்கள். நேராகக் கேட்ட ஒரு அம்மாவிடம், "நானா? இப்பதான் ஒரு கட்டு கட்டிட்டு வந்தேன்," என்று மாமா பொய் சொன்னார். அந்த அம்மா அவர் முகத்தையே பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார். மாமாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் காது சிவந்துவிடும்.

அன்று வீட்டில் அவர் பாத்திரம் கழுவுகிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. அத்தை வந்து பக்கத்தில் நின்றார்.

"டப்பாவுக்குப் பின்பக்கம் இருக்கற மாதிரி உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. அதைத் திருப்பிக் காட்டுங்க. அவ்வளவுதானே?"

"நோயாளின்னு நினைப்பாங்க."

"இப்ப திருடன்னு நினைக்கறாங்க. எது தேவலை?"

மாமா கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். ஆனால் அடுத்த சனிக்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைப் பின்பக்கம் எடுத்துப் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, கல்லாவுக்கு முன்னாலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி திறந்தார். வெள்ளை பீன்ஸ் போட்டுப் பிரட்டிய சோயா உருண்டை. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். தபால் அக்கா இருந்தார். கடைசியில் இதய டாக்டரும் வந்து நின்றார். குழாய்க்காரர் வாசலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர் நின்றுவிட்டார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க," என்றார் மாமா. "நான் கறி சாப்பிடறதில்ல. மூணு மாசமாச்சு. கறியில ஒரு குறையும் இல்ல. என் நெஞ்சுல ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. நம்ம குழாய்க்காரர் ஊரெல்லாம் சொன்னது சரிதான், கோளாறு குழாய்லதான்."

குழாய்க்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அந்தக் குழாய் என் கைக்கு எட்டாது மாமா," என்றார் வாசலிலிருந்து.

"கறி நல்ல கறிதான். நான் சாட்சி," என்று முன்னால் வந்தார் தபால் அக்கா. "அஞ்சு வருஷமா என் நாய் வேற எதையும் தொடறதில்லை. கிழட்டு நாய், ஆனா அதுக்கு இன்னும் பல்லு ஒண்ணு விழல."

அவருடைய கொத்துக்கறி நாய்க்குப் போகிற ரகசியம் அப்படித்தான் தெருவுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பில் டாக்டரின் முறை வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கு வழக்கம்போல ரெண்டு கிலோ," என்றார்.

மாமா கத்தியை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"உங்களுக்கு ஒரு கிலோ போதும், டாக்டர். மீதிக்கு ரெண்டு டப்பா சிவப்பு ராஜ்மாவை அலசிப் போட்டுடுங்க. ஆறு பேருக்குத் தாராளமா வரும். ருசி குறைஞ்சா அடுத்த வாரம் என்னை வந்து கேளுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஒரு கிலோ," என்றார்.

அடுத்த வாரம் அவர் குறை சொல்ல வரவில்லை. எந்த மார்க் ராஜ்மா நல்லது என்று கேட்க வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவும் அதையே கேட்டார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததில், மாமா சுவரில் ஒரு பலகை அடித்து, தானே பொறுக்கி எடுத்த டப்பாக்களை அடுக்கிவிட்டார். உப்பில்லாத ராஜ்மா, வெள்ளை பீன்ஸ், கொண்டைக்கடலை, சோயா உருண்டை. ஒவ்வொன்றுக்கும் கீழே அத்தை தன் கையால் பெரிய எழுத்தில் உப்பு எவ்வளவு என்று எழுதி ஒட்டினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பின்பக்கத்து விஷயத்தை யானை எழுத்தில் எழுத வேண்டும் என்று தனக்கு ஆசை இருந்ததாகச் சொன்னார்.

கூட்டம் திரும்பி வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கறி வாங்கினார்கள். ஆனால் முன்னைவிட நிறையப் பேர் வந்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, சோயாவில் கறித்துண்டு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பெண் பையோடு வந்தாள். பலகையில் தங்கள் சரக்கையும் வைக்க முடியுமா என்று கேட்டாள். மாமா ஒரு துண்டைச் சட்டியில் வாட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றார்.

"இது தோள்பட்டைக் கறின்னு போட்டிருக்கே?"

"ஆமா சார்."

"தோள்பட்டை இல்லம்மா. தோள்பட்டையோட போட்டோ."

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் மாமாவைத் தொழிற்சாலைக்கே அழைத்தார்கள். வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலைத் தொப்பியும் போட்டுவிட்டு, படித்த பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். கறியில் நார் எப்படி ஓடும் என்று கேட்டார்கள். வாயால் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. தலை துவட்டுகிற துண்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். அதை ஈரமாக்கி, நீளவாக்கில் கொசுவி, ஒரு முனையை அந்தப் பெண்ணிடம் பிடிக்கக் கொடுத்து, மறு முனையைத் தான் பிடித்து முறுக்கினார்.

"தோள்பட்டை மாதிரி வேலை செய்யற இடத்துக் கறி இப்படி இருக்கும். ஒரே பக்கமா ஓடும், இறுகி இருக்கும், வேக நேரமாகும். சும்மா இருக்கற இடத்துக் கறி முறுக்காத துண்டு. நீங்க எல்லாத்தையும் கலந்து கட்டி அடிச்சிருக்கீங்க. இப்ப எல்லாரும் ஒரு தரம் முறுக்கிப் பாருங்க."

எட்டுப் பேரும் வரிசையாக வந்து ஈரத் துண்டை முறுக்கினார்கள். தரையெல்லாம் தண்ணீர். மாமா ஒவ்வொருவர் கையாகத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே போனார்.